சார்ஜரோடு சேர்த்து எடை

லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, நேராகக் கடைக்குப் போவது. கடையில் எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் இருக்கும். வெளிச்சம் அப்படி. திரையில் பூவும் மலையும் ஓடிக்கொண்டிருக்கும், விற்பனையாளர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார், வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். அந்த விரல்களில் சார்ஜர் தொங்கவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. படிக்கிற பெண் தினமும் பையில் சுமக்கப்போவது சார்ஜரையும் சேர்த்துத்தான்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் இதுதான். உங்கள் மேசையில் இருக்கும் லேப்டாப்பின் இடது கீல் தளர்ந்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஐயா. மூடியை ஓரத்தில் பிடித்து ஒரு கையால் தூக்குகிறீர்கள். நடுவில் பிடித்துத் திறந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். கோபித்துக்கொள்ள வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிண்டர் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள், சரியானதும் நான் அங்கே நிற்பதே அவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் இருக்கையை விட்டு எழவும் வேண்டியதில்லை. என் திரையிலிருந்தே இன்னொருவர் கம்ப்யூட்டருக்குள் போய் வேலை செய்ய ஒரு மென்பொருள் இருக்கிறது. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், திரையில் அம்பு தானாக நகர்ந்து வேலையை முடித்துவிட்டுப் போகும்.

அலுவலகத்தில் ஒரு சம்பவம் உண்டு. எப்படியும் தோண்டி எடுப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். கிளெய்ம் பிரிவில் ஒருவர், தன் மகனுக்கு என்ன லேப்டாப் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்றைச் சொன்னேன். அவர் வேறொன்றை வாங்கி வந்து என் மேசையிலேயே திறந்து வைத்து, “இதுல என்ன குறை கண்டுபிடிப்பீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குறையைக் காட்டினேன். மூடி மெல்லிய தகடு, அழுத்தினால் வளையும். அதைக் காட்டத்தான் மூடியைச் சாத்தி அழுத்தினேன். அவருடைய விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தன. இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். அவர் கத்திய பிறகும் கையை எடுக்கவில்லை, அப்போதுதான் வளைவு நன்றாகத் தெரிந்தது. இரண்டு விரல்களில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது என்றார்கள். கைதவறி நடந்தது என்று பேசி முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அங்கே யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை.

வீட்டில் அப்படியில்லை. வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. அம்மா போன பிறகு அக்கா என்னைத் தன் வீட்டு மாடி அறைக்கு அழைத்து வந்துவிட்டாள். மிக்சி வாங்குவதானாலும், போன் வாங்குவதானாலும், “எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்” என்பாள். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் அந்த வீட்டில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. சமையல் தெரியாது. ஆனால் யாருக்கு எது சரிப்படும் என்று தெரியும்.

அத்தானும் அப்படித்தான் சொல்வார். அக்கா கணவரைத்தான் சொல்கிறேன், நீங்கள் இறந்தவர் இறந்தவர் என்று எழுதுகிறவர். சின்னதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். ஒரே கார். பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், அதன் மேல் காலை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். பழக வந்தவர் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்டினால்கூட, “பரவாயில்லைங்க, சுவரு நம்ம மேல கேஸ் போடாது” என்று சிரிப்பார். எனக்கும் அவருக்கும் ஒரு மனவருத்தமும் இருந்ததில்லை. “மாப்ளே, எனக்குத் தெரிஞ்சது கிளட்ச் மட்டும்தான். கம்ப்யூட்டர் உன் டிபார்ட்மென்ட்” என்பார். நல்ல மனிதர். அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள். பிசியோதெரபி முதல் வருடம் படிக்கிறாள். கல்லூரிக்குப் போகிறவளை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். பள்ளியில் படிக்கும்போது என் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஒரு லேப்டாப்பைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து கொடுத்திருந்தேன். அது மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவளே பேச்சை எடுத்தாள்.

“மாமா, எனக்குப் புது லேப்டாப் வேணும். படிக்கத்தான். கொஞ்சம் கேம் விளையாடவும்.”

“கொஞ்சம்னா எவ்ளோ?” என்றார் அத்தான்.

“நீங்க தூங்கறதைவிடக் கம்மியாதான் இருக்கும்ப்பா.”

எல்லோரும் சிரித்தோம். அக்கா என்னைப் பார்த்து, “நீயே பார்த்து ஒண்ணு சொல்லுடா” என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அவளுக்கு என்ன தேவை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூட்டு, தசை என்று நீளமான வீடியோக்கள் பார்ப்பாள், அதற்குக் கண்ணைக் கூசாத திரை வேண்டும். நாள் முழுக்கக் கல்லூரியில் இருப்பவள், பேட்டரி நிற்க வேண்டும். விளையாட்டு என்றால் ஒரு தீவில் வீடு கட்டி, ஆடு வளர்த்து, இரண்டு தோழிகளோடு மீன் பிடிக்கிற விளையாட்டு. எப்போதாவது கார் ஓட்டுவாள், அதிலும் அப்பாவைப் போல நிதானமாகத்தான். இதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. சிவப்பு விளக்கு எரியும் கீபோர்டும், ஹேர் டிரையர் போல இரையும் மின்விசிறியும் வேண்டவே வேண்டாம்.

மிச்சம் இருந்தது எடை மட்டும். எடையைக் கையில் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தோளில் போட்டு நடக்க வேண்டும். மாடிக் குளியலறை வேலையில் மிஞ்சிய டைல்ஸ் இருந்தது. சமையலறைத் தராசில் நிறுத்து இரண்டு கட்டாகக் கட்டினேன். ஒன்று நான் மனதில் வைத்திருந்த லேப்டாப்பின் எடை, இன்னொன்று கேமிங் லேப்டாப் என்று விற்கிறார்களே அந்த எடை. இரண்டிலும் சார்ஜரையும் சேர்த்து. முதல் வாரம் ஒரு கட்டு, அடுத்த வாரம் இன்னொன்று என்று அவளுடைய பையில் போட்டு அனுப்பினேன்.

“பஸ்ல எல்லாரும் கேக்கறாங்க மாமா, வீடு கட்டறியான்னு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டாவது வாரம் பையை இறக்கி வைக்கும்போது தோளில் சிவப்பாக வார் பதிந்திருந்தது. அதை அவள் அம்மாவிடம்தான் காட்டினாள், நான் தள்ளி நின்று பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. கனமானது வேண்டாம் என்று தோளே சொல்லிவிட்டதே. நடுவில் ஒரு நாள் அவள் டைல்ஸை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். மறுநாள் நானே பையில் வைத்து, பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். அக்கா முணுமுணுத்தாள். அத்தான் கார் துடைக்கிற துணியை உதறிக்கொண்டு என்னையே பார்த்தார்.

ஆக, முடிவு செய்துவிட்டேன். இலேசானது, பளபளக்காத திரை, உள்ளங்கை அளவு சார்ஜர். பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் போய் வாங்கி வருவது என்று பேச்சு.

இங்கே என் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். நான் யாருக்கும் லேப்டாப்பைப் பெட்டியோடு கொடுப்பதில்லை. என் அறையில் இரண்டு நாள் இருக்கும். வேண்டாத குப்பைகளை நீக்குவேன், வைரஸ் தடுப்பு போடுவேன், கடைசியாக நான் நுழைவதற்கென்று எனக்கு ஒரு கணக்கு வைப்பேன். அலுவலகத்தில் இருக்கிற அதே ஏற்பாடு. கோளாறு என்றால் மாடியில் இருந்தபடியே உள்ளே போய்ச் சரிசெய்யலாம். பெரியம்மா வீட்டில், சித்தப்பா வீட்டில் எல்லாம் அப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் வீணாகக் கூச்சப்படுவார்கள். கோளாறு இல்லாத நாட்களிலும் போய்ப் பார்ப்பேன். வருமுன் பார்ப்பதற்குப் பெயர்தான் பராமரிப்பு.

பாப்பாவின் பழைய லேப்டாப்பிலும் அது இருந்தது. அவள் தீவில் வீடு கட்டும்போது நான் மாடியில் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். வேலி தப்பாகப் போட்டிருப்பாள், ஆடு வெளியே ஓடும், எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் இரண்டு பேருக்குமான நேரம் அது. அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு மாலை முழங்கால் மூட்டைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தசைநாரை மாற்றி எழுதிவிட்டாள். நான் தேடிப்பார்த்து உறுதி செய்துகொண்டேன். அக்கா அவளைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. பாவம், மதிப்பெண் போய்விடுமே என்று நான் உள்ளே போய் அந்த வரியைத் திருத்தினேன். சாப்பிடப் போனவள் ஏதோ எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள் போலிருக்கிறது. நான் திருத்திக்கொண்டிருந்த வரிக்குக் கீழே எழுத்துகள் தானாக விழுந்தன. “யாரு?” என்று இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. பிறகு இணைப்பு அறுந்தது.

மறுநாள் காலை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பரீட்சைக் கவலை என்று நினைத்தேன். கடைக்குப் போவதைப் பற்றிக் கேட்டால், “அப்புறம் பார்க்கலாம் மாமா” என்றாள். ஒவ்வொரு நாளும் மாடியிலிருந்து அந்த லேப்டாப்பைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அணைத்தே வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லாமே வழக்கம்போல நடந்தது, சாப்பிட்டோம், டிவி பார்த்தோம். ஆனால் எனக்குக் கண் பார்வை போன மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மதியம் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். பாப்பா கல்லூரியில். நான் கீழே போய் அவளுடைய அறையைப் பார்த்தேன். பழைய லேப்டாப் அலமாரியில், போடாத துணிகளுக்கு அடியில் கிடந்தது. மேசையில் புதிதாக ஒன்று இருந்தது. தடிமனான உடம்பு, சிவப்பு விளக்கு எரியும் கீபோர்டு. பக்கத்தில் அதன் சார்ஜர், செங்கல் போல. என்னென்ன வேண்டாம் என்று சொன்னேனோ அத்தனையும் ஒரே இடத்தில். திறந்து பார்த்தேன், விரல் வைக்கச் சொன்னது. என் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை.

சார்ஜரை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். அத்தான் வண்டியின் கால்மிதிகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக் கதவு திறந்திருந்தது.

“அத்தான், இது என்ன?”

அவருக்குப் பொய் சொல்ல வராது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, “அதுவா... கடையில ஆஃபர் போட்டிருந்தான் மாப்ளே. சும்மா போனேன், வாங்கிட்டேன். உன்கிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன். தப்பு என்னுதுதான்” என்றார்.

“டைல்ஸைச் சுமந்துட்டுப் போனாளே பாப்பா, அதெல்லாம் எதுக்கு?”

“அதைப் பேசாதே மாப்ளே. அவளால ரெண்டு நாள் தோளையே தூக்க முடியல.” கால்மிதி ஒன்றை எடுத்துக் காரில் போட்டார். “அந்தப் பழைய லேப்டாப்புல நீ என்னமோ வெச்சிருக்கியாமே. மேலேருந்து பார்க்கற மாதிரி.”

நான் பொறுமையாக விளக்கினேன். “நீங்களும் பக்கத்து சீட்ல ஒரு பிரேக் வெச்சிருக்கீங்க. எதுக்கு? பாதுகாப்புக்குத்தானே. நான் வெச்சிருக்கறதும் அதுதான்.”

“நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்னு வண்டி ஓட்டறவங்களுக்குத் தெரியும் மாப்ளே” என்றார். குரலை உயர்த்தவில்லை. “நடந்தது போகட்டும். உங்க அக்காகிட்டகூட நான் சொல்லல. ஆனா இனிமே அவ லேப்டாப்பை நீ தொட வேண்டாம்.”

தொட வேண்டாம். அந்த வீட்டில் நான் தொடாத பொருள் இல்லை. என்னை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று தோன்றுகிறது. எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

முதலில் சார்ஜரை அவர் கையில் கொடுக்கத்தான் நீட்டினேன், எடையாவது தெரியட்டும் என்று. அவர் வாங்கவில்லை, தலையை ஆட்டினார். எனவே வயரின் நுனியைப் பிடித்துச் சுழற்றினேன். காதுக்கு மேலே பட்டது. தேங்காய் உடைப்பது போல என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அப்படிச் சத்தம் வரவில்லை. மந்தமான சத்தம். அவர் பின்வாங்கி, திறந்திருந்த கதவு வழியாகத் தன்னுடைய சீட்டில் போய் உட்கார்ந்தார். காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

மறுபடி அடித்தேன். கையை உயர்த்தினார், மணிக்கட்டு எலும்பு உடைவது எனக்கு வயர் வழியாகவே தெரிந்தது. அடுத்தது நெற்றியில். அதற்கடுத்தது வாயில், பல் ஒன்று சீட்டின் மேல் விழுந்தது. சார்ஜரின் மூலை விரிந்து உள்ளே செம்புச் சுருள் தெரிந்தது. இவ்வளவு கனமாகச் செய்கிறார்கள், உறுதியாகச் செய்வதில்லை. அவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், ரத்தத்துக்கு நடுவே குமிழி வந்தது. எனவே வயரை அவர் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலைச் சீட்டில் ஊன்றி இழுத்தேன். வயர் விஷயத்தில் அந்தக் கம்பெனிக்காரன் தாராளம், நீளம் போதுமானதாக இருந்தது. அவர் கால் காலடியிலிருந்த பிரேக்கை அழுத்தியிருக்க வேண்டும், வண்டியின் பின்விளக்குகள் எரிந்து ஷெட் சுவர் சிவப்பாகத் தெரிந்தது. அணைந்தது, மறுபடி எரிந்தது. அவர் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார், வண்டியை நிறுத்தப் பார்த்தார். பிறகு எரியவில்லை.

நான் ஏன் ஓடவில்லை என்று கேட்டீர்கள். வேலை முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கையைக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, அந்த லேப்டாப்போடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் விரல் இல்லாமல் அது திறக்காது.

பாப்பா வந்தாள். மேசையில் லேப்டாப்பைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

“அப்பா எங்க மாமா?”

“வண்டிகிட்ட இருக்கார். நீ வந்து விரலை வை.”

“மாமா, ப்ளீஸ்...”

“வைம்மா.”

வைத்தாள். விரல் சரியாகப் படாததால் முதல் தடவை ஏற்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து நானே வைத்தேன். பிடித்தது கொஞ்சம் அழுத்தம்தான், உங்கள் மருத்துவர் அந்த வீக்கத்தைக் குறித்திருப்பார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செய்தேன். குப்பைகளை நீக்கினேன், கணக்கை வைத்தேன், அவள் பார்க்கவே வைத்தேன். தெரியாமல் செய்ததுதானே அத்தானுக்குக் குறையாக இருந்தது. முடிந்ததும் கையை விட்டேன். அவள் ஷெட்டுக்கு ஓடினாள். அதன் பிறகு கேட்ட குரல்தான் பக்கத்து வீட்டுக்காரரை உங்களுக்குப் போன் செய்ய வைத்தது.

முதல் அடிக்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். “நான் வாங்கலடா. அவளே தேடிப் பார்த்து, அவளே எடுத்தா. மாமாவுக்குக் கஷ்டமா இருக்கும், நீங்க வாங்கினதா சொல்லுங்கப்பான்னு சொன்னா.” அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

முதல் அடி கோபம். அதோடு நிறுத்தியிருப்பேன், நானே அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பேன். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நிறுத்தவில்லை. அதைச் சொன்ன வாய் இன்னொருவரிடம் அதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். நினைத்துத்தான் அடித்தேன், நினைத்துத்தான் இழுத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த லேப்டாப்பை ஆதாரம் என்று எடுத்து வந்திருக்கிறீர்கள். உங்கள் வேலை முடிந்ததும் பாப்பாவிடம் கொடுத்துவிடுங்கள், படிப்பு கெடக்கூடாது. அதில் என் பெயரில் இருக்கும் கணக்கை மட்டும் யாரும் நீக்க வேண்டாம். அப்பா இல்லாத பெண், அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவராவது வேண்டும்.